அது வரலாறு இல்லம்மா, அரசியல்

கோவில்பட்டியில் ஒரு வரலாற்றுக் கழகம் இருக்கிறது. பேர் வேண்டாம். மாசம் ஒரு கூட்டம் போடுவார்கள். வருசத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்து மாவட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். சொந்த மண்ணின் கதைகள் வழியாக நாட்டு வரலாற்றைத் தெரிந்துகொள்வோம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நல்ல காரியம்தானே என்று நானும் பணம் கட்டிப் போனேன். சத்துணவுக் கூடத்தில் வருசக்கணக்காய் அரிசியும் பருப்பும் அளந்து கொட்டிவிட்டு ஓய்வுபெற்றவள் நான். சாதியில் அருந்ததியர். எங்க ஊரில் பகடை என்பார்கள். வேனில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், பேங்கில் வேலை பார்த்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர்.

காலையில் கழுகுமலை. வெட்டுவான் கோவிலையும் சமணச் சிற்பங்களையும் காட்டி எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம் என்று சார் அழகாக விளக்கினார். கீழே ஊருக்குள் வந்ததும் 1895இல் இங்கே ஒரு சமூகப் பூசல் நடந்தது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். தேரோடும் தெருவில் நாடார்கள் ஊர்வலம் போகக்கூடாதென்று எட்டயபுரம் ஜமீன் மறித்ததில் மூண்ட கலவரம் அது. மலைமேல் உள்ள கல்லுக்கு ஒரு மணி நேரம். தெருவில் விழுந்த பிணங்களுக்கு ஒரு வாக்கியம். அப்பவே எனக்கு இந்தப் பயணம் எப்படிப் போகும் என்று புரிந்திருக்க வேண்டும்.

அங்கேயிருந்து எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், ஜமீன் அரண்மனை. பிறகு ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. வீடு. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு கட்டின நினைவுக் கோட்டை. மத்தியானத்துக்கு மேல் மணியாச்சி ஜங்ஷன். 1911 ஜூன் 17ஆம் தேதி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடம். கடைசியாகக் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர்.

மணியாச்சியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"சார், கொடியங்குளம் இங்ஙன பக்கத்துலதான இருக்கு. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டுப் போவமா?"

பேச்சு நின்றுபோனது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. நல்ல மனுசர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அது வரலாறு இல்லம்மா, அரசியல். ஒரு விசயம் வரலாறாகணும்னா அம்பது வருசமாவது போகணும். அப்பத்தான் பக்கச்சார்பு இல்லாமப் பாக்க முடியும்."

அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

*

அம்பது வருசக் கணக்கை முதலில் பார்ப்போம். பாரதி செத்தது 1921. எட்டயபுரத்தில் கல்கி முன்னின்று கட்டின மணிமண்டபம் திறந்தது 1947. இடையில் 26 வருசம். கி.ராஜநாராயணன் 2021இல் காலமானார். அவருக்குக் கோவில்பட்டியில் அரசே நினைவரங்கம் கட்டி முடித்தாயிற்று. அதில் எனக்குச் சந்தோசம்தான், கரிசல்காட்டுப் பேச்சை அச்சில் ஏற்றிய மனுசன். ஆனால் அவருக்கு யாரும் அம்பது வருசம் காத்திருக்கச் சொல்லவில்லையே. கொடியங்குளம் நடந்து முப்பது வருசம் ஆகிப்போனது. பாரதிக்குக் காத்திருந்ததை விடவும் கூடுதல். கணக்கு எங்களுக்கு மட்டும் ஏன் தனியாக ஓடுகிறது?

அங்கே நடந்தது தெரியாத பிள்ளைகள் அந்த வேனிலேயே இருந்தார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். 1995 ஜூலையில் ஒரு பஸ்ஸில் ஆரம்பித்த தகராறு தென்மாவட்டங்களில் சாதிக் கலவரமாகப் பரவியது. இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. ஆகஸ்ட் 31ஆம் தேதி பட்டப்பகலில் சுமார் 600 போலீஸ் கொடியங்குளத்துக்குள் நுழைந்தது. பள்ளர்கள் வாழும் ஊர். கொலைக் குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்றார்கள். அடித்து நொறுக்கியது டி.வி.யை, மின்விசிறியை, தையல் மெஷினை. வளைகுடாவில் பாடுபட்டவர்கள் அனுப்பின காசில் வாங்கிய சாமான்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சர்டிபிகேட்டையும் நாசமாக்கினார்கள். குடிதண்ணீர்க் கிணற்றைக் கெடுத்தார்கள். அரசாங்கம் பிறகு கோமதிநாயகம் கமிஷன் என்று ஒன்று வைத்தது.

கொலைகாரன் டி.வி. பெட்டிக்குள்ளேயா ஒளிந்திருந்தான்? சர்டிபிகேட் என்ன ஆயுதமா? அன்றைக்கு உடைத்தது சாமானை இல்லை. தலை நிமிர்ந்த ஒரு ஊரை. ஒரு அரசாங்கம் தன் குடிமக்களை எப்படி நடத்தியது என்பதுதானே நாட்டு வரலாறு? பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியில் செய்தது வரலாறு, தமிழ்நாட்டுப் போலீஸ் கொடியங்குளத்தில் செய்தது அரசியல். பானர்மன் வெள்ளைக்காரன் என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்?

இந்த ஊரை நினைவில் வைத்துக்கொண்டு 2021இல் "கர்ணன்" என்று ஒரு படம் வந்தது. அதில் கதை நடக்கிற காலம் 1997 என்று போட்டார்கள். அது எங்க ஆட்சிக்காலம் ஆச்சே என்று ஒரு கட்சிக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். உடனே அதைத் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். படம் கற்பனை, அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சண்டையைப் பாருங்கள். எந்த ஆட்சி தலையில் கட்டுவது என்பதுதான் எல்லாருக்கும் கவலை. திருத்தின பிறகும் 1995 வரவில்லை.

*

அடுத்தது ஆதாரம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் நின்றபோது ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: "சார், கவர்னகிரி பக்கத்துலதான இருக்கு. சுந்தரலிங்கத்தைப் பத்திச் சொல்லலையே?" கட்டபொம்மனின் தளபதி என்று எங்க பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த பேர். தன் முறைப்பெண் வடிவோடு வெள்ளைக்காரன் ஆயுதக் கிடங்குக்குள் பாய்ந்து அதோடு வெடித்துச் செத்தார் என்பது கதை. சார் சொன்னார்: "அது செவிவழிக் கதைப்பா. ஆவணம் வேணும்."

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பத்து நிமிசம் முன்னாடி அதே சார், கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் பேசின பேச்சை 1959இல் வந்த சினிமா வசனத்தோடு ஏற்ற இறக்கமாகப் பேசிக் காட்டினார். வேனில் வந்த பாதிப் பேருக்கு அது மனப்பாடம். கைதட்டினார்கள். 1798இல் ராமநாதபுரத்தில் அவர்கள் சந்தித்தது ஆவணத்தில் இருக்கிறது. அந்த வசனம் எந்த ஆவணத்தில் இருக்கிறது? கட்டபொம்மனைப் பற்றி ஜனங்கள் பாடின கதைப்பாடலை நா.வானமாமலை தேடிப் பதிப்பித்தார். அது நாட்டார் வழக்காறு, ஆராய்ச்சிக்கு உகந்தது. எங்க பாட்டி சொன்னால் மட்டும் வெறும் செவிவழிக் கதை.

நம்ம பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மணியாச்சியில் அதே பையன் என் காதருகில் வந்து ஆஷ் கதையைச் சொன்னான். பிரசவ வலியில் துடித்த சேரிப் பெண்ணை அக்கிரகாரத்து வழியாக வண்டியில் கொண்டுபோனதால்தான் ஆஷைச் சுட்டார்கள் என்கிற கதை. ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. "ஆதாரம் இருக்காப்பா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா, ஆனா நம்ம கதை"ன்னான். நமக்கு அது வேண்டாம் என்பேன். வாஞ்சிநாதன் சட்டைப் பையில் இருந்து எடுத்த கடிதம் இருக்கிறது. யாரும் மறுக்க முடியாத ஆவணம். வெள்ளைக்காரன் சனாதன தர்மத்தைக் காலில் போட்டு மிதிக்கிறான் என்று அதில் எழுதியிருக்கிறது. மாட்டுக்கறி தின்கிற மிலேச்சன் என்று ராஜாவைக் கேவலப்படுத்தியிருக்கிறது. மாட்டுக்கறி தின்பது கேவலம் என்றால் எங்க வீட்டு அடுப்பு யாருக்குக் கேவலம்? அந்த ஒரு தாள் போதும், அந்தச் சுதந்திரத்தில் நம்ம இடம் எது என்று காட்ட. மெய்யே இவ்வளவு பலமாக இருக்கும்போது பொய்யோ மெய்யோ தெரியாத கதையில் ஏன் சாய வேண்டும்? சாய்ந்தால் அதைக் காட்டியே நம்ம மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

ஆதாரம் கேளுங்கள் சார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரிடமும் ஒரே படியால் அளந்து கேளுங்கள். சத்துணவுக் கூடத்தில் நான் அப்படித்தான் அளந்தேன்.

*

எனக்குத் தெரிந்த வரலாறு பஸ்ஸில் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்க தெருவுக்குள் முதன்முதலில் வந்த பஸ் தீப்பெட்டி ஆபீஸ் பஸ். கவர்மெண்ட் பஸ் ரோட்டோடு போய்விடும். எங்க ஆட்கள் கைகாட்டினால் சில டிரைவர்களுக்குக் கண் தெரியாது. ஆனால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியுமுன்னே, கோழி கூவுமுன்னே, சேரிக்குள்ளேயே வந்து ஹாரன் அடிக்கும். எங்க அம்மா என்னை எழுப்பி, பாதித் தூக்கத்திலேயே சோத்துவாளியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவாள். எனக்கு ஒன்பது வயசு. கட்டை அடுக்கினேன். சட்டத்தில் குச்சியை ஒவ்வொன்றாக அடுக்குகிற வேலை. சின்ன விரல்தான் அதற்குத் தோதாம். கட்டைக் கணக்குக்குக் கூலி. இருட்டில் போய் இருட்டில் திரும்புவோம். சூரியன் எங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான்.

1976இல் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகிப் பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் ஹர்பன்ஸ் சிங் கமிட்டி போட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. சேதி வந்த மறுநாளும் எங்க தெருவுக்குள் ஹாரன் சத்தம் கேட்டது. நானும் ஏறினேன். தீப்பெட்டியில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1986இலும் ஒரு சட்டம் வந்தது. 1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த முதலாளிகளின் உழைப்பு பற்றிக் கழகத்தில் தனிக் கூட்டமே போட்டிருக்கிறார்கள். குச்சியை அடுக்கின விரலைப் பற்றிக் கூட்டம் போட்டதில்லை.

அப்புறம் 1997. அந்தக் காலத்தில் போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் பேர் இருந்தது. பாண்டியன், சேரன், சோழன், பல்லவன். எங்க பக்கம் கட்டபொம்மன். மாவட்டங்களுக்கும் அப்படித்தான். கோவில்பட்டி இருந்தது சிதம்பரனார் மாவட்டம். விருதுநகர் மாவட்டத்தில் புதுக் கழகம் ஒன்று ஆரம்பித்து அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை அரசு வைத்தது. அவ்வளவுதான். பள்ளன் பேர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். பஸ்கள் உடைந்தன, ஊர்கள் எரிந்தன, உயிர்கள் போயின.

அரசாங்கம் என்ன செய்தது? அந்தப் பேர் இருக்கட்டும், ஏறாதவன் நடந்து போகட்டும் என்று சொன்னதா? 1997 ஜூலையில் எல்லாப் பேரையும் எடுத்தது. பாண்டியன் போனான், சோழன் போனான், கட்டபொம்மன் போனான், திருவள்ளுவர் போனார், அம்பேத்கர் போனார். சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடியானது. கப்பல் ஓட்டின வ.உ.சி.யின் பேரையே அழித்தாலும் அழிப்போம், பள்ளன் பேரை மட்டும் சுமக்கமாட்டோம் என்பதுதான் அன்றைக்கு எடுத்த முடிவு. இதற்குச் சமத்துவம் என்று பேர் வைத்தார்கள். கிணற்றில் நாங்கள் தண்ணீர் எடுத்துவிடக் கூடாதென்று கிணற்றையே தூர்ப்பதும் சமத்துவமா?

1801இல் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த வெள்ளைக்காரன் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி ஆமணக்கு விதைத்தான், ஊர்ப்பேரையே கணக்கிலிருந்து எடுத்தான் என்று சார் தொண்டை அடைக்கச் சொன்னார். பேரை அழிக்கிறவன் வெள்ளைக்காரனாயிருந்தால் தொண்டை அடைக்கிறது. பஸ்ஸில் அழித்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது ஏன் அடைக்கவில்லை? சொன்னால்தானே அடைக்க?

*

இது வரைக்கும் அவர்களைச் சொன்னேன். இனி நம்மைச் சொல்கிறேன். கோபப்படுகிறவர்கள் படட்டும்.

நாமும் அவர்கள் போட்ட கோட்டுக்குள்ளேயே நின்று சண்டை பிடிக்கிறோம். உனக்கு ராஜா இருந்தானா என்று அவன் கேட்டான். ராஜா இல்லை, தளபதி இருந்தான் என்று நாம் பதில் சொன்னோம். கவர்னகிரியில் சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் வந்தது. பூலித்தேவனின் தளபதி ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் வந்தது, 2022இல் தபால்தலையும் வந்தது. ஒண்டிவீரன் எங்க ஆள். தபால்தலையை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். பெருமையில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி ஒன்று உறுத்துகிறது. தளபதியாகாத கோடானுகோடிப் பேர் எங்கே போனார்கள்? ராஜாவுக்காகச் செத்தவனுக்கு மட்டும்தான் வரலாறா? ராஜாவால் செத்தவனுக்கு?

எங்க அய்யா தோல் வேலை பார்த்தவர். கரிசல்காட்டுக் கிணறுகளில் கமலை ஓடின காலம் அது. கமலைக் கூனையில் தோலில் தைத்த வால் ஒன்று இருக்கும். அந்த வால் இல்லாமல் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் விழாது. அந்தத் தோலைப் பதம் பண்ணித் தைத்தது எங்க ஆட்கள். பம்புசெட் வருகிற வரைக்கும் இந்தச் சீமைத் தோட்டங்களில் விளைந்த ஒவ்வொரு மிளகாயும் எங்க அய்யா மாதிரி ஆட்கள் தைத்த வால் வழியாக வந்த தண்ணீரில் விளைந்தது. அவர் கை பட்ட தோல் அந்தக் கிணற்றுக்குள் முங்கலாம். அவர் முங்கக்கூடாது. வாய்க்கால் ஓரம் நின்று கையேந்தித்தான் குடிப்பார்.

இதில் எந்த ராஜா, எந்தத் தளபதி இருக்கிறார்? இதுதானே இந்த மண்ணின் வரலாறு? இதைப் பூமணி "பிறகு" நாவலில் எழுதினார், கரிசல் கிராமத்துச் சக்கிலியர் ஒருவரை நடுவில் வைத்து. வருசம் 1979. உருளைக்குடிக் கண்மாயை வைத்துச் சோ.தர்மன் "சூல்" எழுதினார். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தபோது கோவில்பட்டியே கொண்டாடியது. கதைக்காரர்கள் செய்த வேலையை வரலாற்றுக்காரர்கள் இன்னும் தொடக்கூட இல்லை. நாவலில் வந்தால் இலக்கியம் என்று கைதட்டுவார்கள். வேனில் கேட்டால் அரசியல் என்பார்கள்.

இன்னொன்று. கொடியங்குளம் பள்ளர் ஊர், பகடைப் பொம்பளை நீ ஏன் அதற்கு வேனை நிப்பாட்டச் சொன்னாய் என்று என் சொந்தக்காரப் பையனே கேட்டான். எங்களுக்குத் தண்ணி கொடுக்காத கிணறு அவர்கள் தெருவிலும் உண்டு, மறக்கவில்லை. அந்தக் கணக்கு எங்களுக்குள்ளே பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு. அதற்காக அவர்கள் கிணற்றைப் போலீஸ் கெடுத்ததைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தால், நானும் அம்பது வருசம் காத்திருக்கச் சொல்கிறவள்தான்.

*

ஊர் திரும்பின மறுவாரம் கழகத்துக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த பயணத்தில் சேர்க்க வேண்டிய இடங்கள் நாலு. கொடியங்குளம். கவர்னகிரி. கமலை ஓடின பழைய கிணறு ஏதாவது ஒன்று. தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நின்ற எங்க தெரு முக்கு. கடைசி இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒரு வேம்பும் அடிபம்பும்தான். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தொங்கவிட்ட புளியமரம் மட்டும் இருக்கிறதா? நின்று சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். நான் நிற்கிறேன்.

"கமிட்டியில வைக்கிறோம்மா" என்றார் சார். வைக்கட்டும்.

நாம் கமிட்டிக்குக் காத்திருக்க வேண்டாம். இதைப் படிக்கிற பிள்ளைகள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்க வீட்டில் வயசான மனுசி இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கிணறு, எந்தத் தெரு, எந்த டீக்கடையில் தனி கிளாஸ், எந்தப் பஸ் நிற்காமல் போனது, யார் மறித்தது, யார் கூட நின்றது. வருசத்தைக் கேளுங்கள். வருசம் தெரியாவிட்டால் எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்று கேளுங்கள், வருசம் தானாக வரும். கேட்டதைக் கூட்டிக் குறைக்காமல் எழுதுங்கள். அவள் தப்பாகச் சொன்னால் தப்பு என்று பக்கத்தில் குறியுங்கள்.

ஆதாரம் கேட்பார்கள். கொடுப்போம். ஆனால் பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும் அழிக்கப்பட்ட ஊரிடம் ஆதாரம் கேட்கிறவர்கள், அழித்தது யார் என்பதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் முதலில் எழுதட்டும்.